டம்ளரில் கிடந்த பல்செட்

மாலை நான்கு பத்துக்குச் சின்னையன் நடுங்க ஆரம்பித்தார்.

மே மாதம். ஜன்னலுக்கு வெளியே தென்னை மட்டையில் ஒரு காக்கை வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தது. உள்ளே மூன்றாம் நம்பர் கட்டிலில் எழுபது வயதுக் கிழவர் கம்பளிக்குள் கிடந்து கட்டிலோடு ஆடினார். பல்லோடு பல் மோதும் சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. பக்கத்து வீட்டில் தறி ஓடுவது போல இருந்தது.

டாக்டர் அர்த்தநாரி கிழவரின் நாடியைப் பிடித்தார். அரை நிமிஷம் பிடித்திருந்துவிட்டுக் கையை விட்டார். முகம் கறுத்திருந்தது.

"பாத்தீங்களா?" என்றார் சென்னிமலையிடம். "மூணாவது ஆளுங்க இது. மூணு வாரத்துல மூணு பேரு. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. செருப்புச் சத்தத்தோடு தம் அறைக்குப் போனார். சென்னிமலை பின்னால் நடந்தார். அவருக்குப் பின்னால் வள்ளியாத்தாள், முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு.

"இந்த வெயில்லயும் நடுங்கறதுக்கு ஒரு கொடுப்பினை வேணுமுங்க," என்றாள். "கெழவர்கிட்டக் கொஞ்சம் கடன் கேக்கலாமாட்ட."

சென்னிமலை சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதில்லை. பதினோரு வருஷம் கோவிந்தாபுரம் செக்போஸ்டில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். தமிழ்நாட்டு அரிசி கேரளத்துக்குள் நுழைய எத்தனை வேஷம் போடும் என்று அவருக்குத் தெரியும். வள்ளியாத்தாள் அதே செக்போஸ்டில் பெண்களைச் சோதனை போட்டவள். ஒரே பெண் வாரத்துக்கு இரண்டு தடவை நிறைமாத வயிற்றோடு வருவாள். வள்ளியாத்தாள் அவிழ்த்தால் ஆறு படி அரிசி பிறக்கும். வேலையை விட்ட பிறகு அவர் இதே கேரளத்துச் சித்தூரில், பஸ் ஸ்டாண்டு மாடியில் ஓர் அறை எடுத்து, துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டினார். மறுநாளே அவள் வந்து உட்கார்ந்துகொண்டாள். யாரும் கூப்பிடவில்லை.

அவர்களை விசாரிக்கக் கூப்பிட்டிருந்த டாக்டர் இப்போது போலீஸுக்குப் புகார் எழுதக் காகிதத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

"மறுபடியும் ஒருக்காச் சொல்லுங்க," என்றார் சென்னிமலை. "அந்த ஊசி எதுக்கு?"

"நடுக்கத்துக்குத்தானுங்க. ஆபரேசன் முடிஞ்சு மயக்கம் தெளியறப்ப ஒடம்பு ஒதறும். சின்ன வயசுக்காரங்க தாங்கிக்குவாங்க. வயசானவங்களுக்கு ஒடம்புச் சூட்டைக் காப்பாத்திக்கற தெம்பு கம்மி. நடுங்கற ஒவ்வொரு நிமிசமும் இருதயம் ரெண்டு பங்கு ஒழைக்கோணும். பலவீனமான இருதயமா இருந்தா ஆபரேசன்ல பொழைச்சவங்க நடுக்கத்துல போயிருவாங்க."

"ஊசி போட்டா நின்னுருமா?"

"பெத்தடின். முழுசாக்கூட வேண்டாம், கால் பங்கு போதும். மயக்கம் தெளியறதுக்குச் சித்த முந்திப் போட்டுட்டா நடுக்கமே வராது. பிப்ரவரியில இருந்து போடறோம். வயசானவங்க பதினேழு பேருக்குப் போட்டாச்சு. பதினாலு பேரு அசையலை. மூணு பேரு மட்டும் இப்படி." டாக்டர் பேனாவால் வார்டுப் பக்கம் காட்டினார். "வெளியில இந்த மருந்துக்கு அலையறவன் இருக்கான், போதைக்கு. ஊசி போடற அந்த நர்ஸ் புள்ள மருந்தை மாத்திட்டுத் தண்ணியக் குத்தியிருக்குது. அஞ்சு மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்பறேன்."

"அஞ்சு மணி வரைக்கும் எழுதாம இருங்க."

"எதுக்கு?"

"நாடி எப்படி இருந்துதுங்க?"

டாக்டர் யோசித்தார். "ஒழுங்காத்தான் இருந்துது."

"அத்தனை ஆட்டத்துக்குமா?" என்று கேட்டுவிட்டுச் சென்னிமலை வெளியே வந்தார்.

நர்ஸ்கள் தங்கும் அறை ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால் இருந்தது. இன்பமேரி தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலைக்கு மேல் கொடியில் ஒரு நீலப் புடவை தொங்கியது. பெட்டியைச் சுற்றிச் சணல் கயிறு. மூன்று முடிச்சு. மதியம் டாக்டர் சொல்லி வள்ளியாத்தாள்தான் அந்தப் பெட்டியைச் சோதனை போட்டாள். இரண்டு வெள்ளைப் புடவை, ஒரு செபமாலை, மாதா படம், ஒரு பொட்டலம் ஏலக்காய். வேறொன்றும் இல்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பிவிட்டு, "சரிம்மா, எடுத்து வெச்சுக்க," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். செக்போஸ்டில் அப்படித்தான் சொல்வது வழக்கம். இப்போது அந்த முடிச்சுகளைப் பார்த்ததும் அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எந்த ஊரும்மா நீ?" என்றாள், கேட்க வேண்டிய அவசியம் இல்லாமல்.

"போடிமெட்டுக்கு மேல, ஏலத் தோட்டம். எங்கம்மா செபமாலையம்மாள் அங்கதான் காய் எடுக்காக." அவள் வள்ளியாத்தாளைப் பார்க்காமலே பதில் சொன்னாள். "மூணாவது ஆளும் நடுங்கிட்டாராமே. ஆயா குருவம்மாக்கா சொன்னாக."

"நீ போட்டது மருந்துதானா?" என்றார் சென்னிமலை.

"மருந்துதான் சார். தண்ணியா இருந்தா அவரு நடுங்காமத் தியேட்டர் வாசல் தாண்டியிருக்க மாட்டாரு. நெச நடுக்கம் தள்ளுவண்டியிலயே வந்துரும். எங்க மலையில மார்கழிக்குளிரப் பாத்தவ நான். எது நடுக்கம்னு எனக்குத் தெரியாதா?"

"சின்னையனுக்கு எப்ப மயக்கம் தெளிஞ்சுது?"

"பதினொண்ணேகாலு. தெளிஞ்சதும் பொண்டாட்டி பேரச் சொன்னாரு. பெறகு, அவ இங்க இருக்காளான்னு கேட்டாரு. இருக்காகன்னேன். கண்ண மூடிக்கிட்டாரு."

"நடுக்கம்?"

"ஒண்ணுமே இல்ல. மத்த ரெண்டு பேரும் இப்படித்தான். காலையில அசையாமக் கெடந்துட்டு, நாலு மணிக்கு டாக்டர் ரவுண்ட்ஸ் வரையில ஆடுனாக. சொன்னா யாரு கேக்கா? டாக்டர் அடுத்த கேஸுக்குப் போயிருவாரு. அவரு பாக்கறது நாலு மணிக்குத்தான்."

சென்னிமலை தலையை ஆட்டினார். வாசலைத் தாண்டியதும், "அஞ்சு மணி நேரம் யோசிச்சு நடுங்கியிருக்கார்," என்றார்.

"என்ற ஊட்டுக்காரர் ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல அத்தனை நேரம் எடுப்பாருங்க," என்றாள் வள்ளியாத்தாள். "நடுங்க எடுக்க மாட்டாரு."

அவர்கள் வார்டுக்குத் திரும்பியபோது நடுக்கம் அடங்கியிருந்தது. சின்னையன் மல்லாந்து படுத்து, கம்பளியை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். முகத்தில் கல்யாணச் சாப்பாடு முடித்தவரின் அமைதி. கன்னங்கள் உள்ளே ஒடுங்கியிருந்தன.

வள்ளியாத்தாள் கட்டிலருகே நின்றாள். பதினோரு வருஷப் பழக்கம். கண் தானாக மேலிருந்து கீழே இறங்கியது. தலையணை. கம்பளி. கட்டிலுக்குப் பக்கத்தில் சின்ன ஸ்டூல். ஸ்டூலின் மேல் ஒரு சில்வர் டம்ளர். டம்ளருக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு பல்செட், மேலும் கீழும் முழுசாக, அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவள் மெதுவாகச் சென்னிமலையின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து வராந்தாவுக்குக் கொண்டுபோனாள்.

"ஏனுங்க சார், ஆபரேசனுக்குப் போறப்பப் பல்செட்டைக் கழட்டிருவாங்கல்ல?"

"கழட்டிருவாங்க."

"இப்பவும் டம்ளருக்குள்ளதான் கெடக்குது."

"சரி."

"அப்பறம் நாலு பத்துக்குத் தறி ஓட்டினது யாருங்க?"

சென்னிமலை அவளைப் பார்த்தார்.

"கஞ்சி குடிக்கறதுக்குப் பல்லு மாட்டலாம். ஊட்டுக்கு ஒறம்பரை சனம் வந்தா மாட்டலாம்," என்றாள். "நடுங்கறதுக்குன்னு பல்லு மாட்டற மனுசனை இன்னைக்குத்தானுங்க பாக்கறேன். நடுங்கி முடிச்சுட்டுக் கழட்டி வேற வெச்சிருக்கறாரு. பத்திரமா."

"இன்னொண்ணு?"

"கம்பளியில ஒரு வாசம். மருந்து வாசம் இல்லீங்க. நம்ம செக்போஸ்ட்ல லாரி டிரைவருங்ககிட்ட வருமே, அது."

சென்னிமலை மணியைப் பார்த்தார். நாலு முப்பத்தைந்து. "அந்தம்மா எங்கே?"

சின்னையனின் மனைவி மருதாத்தாள் வராந்தாவின் கோடியில், தூணில் சாய்ந்து, சாப்பாடு கொண்டுவந்த தூக்குப் போசியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரவுண்ட்ஸ் வரும்போது வீட்டாட்களை வெளியே அனுப்புவது அங்கே சட்டம். ஐந்து மணிக்குத்தான் மறுபடி உள்ளே விடுவார்கள்.

வள்ளியாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஊரைக் கேட்டாள். ஆனைமலைப் பக்கம். எந்த பஸ்ஸில் வந்தீர்கள், எங்கே மாறினீர்கள் என்று கேட்டாள். பொள்ளாச்சியில் ஏறி கோவிந்தாபுரத்தில் மாறி வந்ததாக மருதாத்தாள் சொன்னாள்.

"இத்தனை தொலைவு எதுக்குங்க்கா? பொள்ளாச்சியில ஆஸ்பத்திரி இல்லையாக்கும்?"

"நானும் அதையேதான் கேட்டேன்," என்றாள் மருதாத்தாள். "கேட்டாத்தானே? எங்கூர்ப் பழனிச்சாமி தை மாசத்துல இங்க வந்து குடலெறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணிட்டுப் போனான். போனதுல இருந்து ஒரே பேச்சு. மகராசன் டாக்டரு, மகராசன் டாக்டருன்னு. அப்பறம் எங்கூர்ல வரிசையாக் குடலெறங்க ஆரம்பிச்சுருச்சு. போன ரெண்டு வாரமும் ரெண்டு பேரு வந்தாங்க. இவரும் இங்கதான் போகோணும்னு ஒத்தைக் கால்ல நின்னாரு."

"ரெண்டு பேரும் உங்கூர்தானா?"

"பக்கத்து ஊடுதான் ரெண்டும்."

வள்ளியாத்தாள் போசியைப் பார்த்தாள். "உங்க ஊட்டுக்காரர் குடிப்பாருங்களா?"

மருதாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்தப் பேச்சே கெடையாது. மாசாணியம்மன் முன்னால சத்தியம் வாங்கியிருக்கறேன். கடையில குடிக்கிறதில்லை, காசு குடுத்துக் குடிக்கிறதில்லைன்னு. மீறினா அம்மன் மேல மொளகா அரைச்சுப் பூசித் தண்டனை கேட்டுருவேன்னு சொல்லியிருக்கறேன். ஏன் கேக்கறே?"

"சும்மாத்தானுங்க்கா."

அவள் திரும்பி வந்தபோது சென்னிமலை வார்டுக்குள், கம்பளி அலமாரியின் முன்னால், கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அலமாரிக் கதவில் ஒரு பழைய அட்டை ஆணியில் தொங்கியது. ஓரமெல்லாம் எண்ணெய்க்கறை. அவர் அதைப் படித்தார். இரண்டாம் தடவை படித்தார். பிறகு வள்ளியாத்தாள் இத்தனை வருஷத்தில் பார்க்காத ஒன்று நடந்தது. அவர் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது.

"உடம்பு சரியில்லீங்களா?" என்றாள்.

"நீ என்ன கொண்டுவந்தே?"

அவள் சொன்னாள். மூன்று பேரும் ஒரே ஊர். மூன்று பேரும் எல்லைக்கு அந்தப் பக்கம். நடுங்காத பதினாலு பேரில் அந்தப் பக்கத்து ஆள் உண்டா என்று ஆயா குருவம்மாளிடம் கேட்டாள். ஒருவரும் இல்லை. எல்லாரும் சித்தூர், கொல்லங்கோடு, கொழிஞ்சாம்பாறை. அதில் ஐந்து பேர் பெண்கள்.

"பதினோரு வருசம் நம்ம கண்ணுல மண்ணைத் தூவிட்டு அரிசி வந்துது," என்றாள். "இப்ப நடுக்கம் வருதுங்க. அதுக்கு ஒரு செக்போஸ்ட் போட்டாத் தேவலை."

சென்னிமலை குருவம்மாளைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். குருவம்மாள் முதலில் விழித்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனாள். நாலு ஐம்பதுக்கு அவர் டாக்டரைக் கூட்டி வந்து மூன்றாம் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற துணித் தட்டிக்குப் பின்னால் நிறுத்தினார். உதட்டில் விரல் வைத்தார். தட்டியில் ஒரு கிழிசல் இருந்தது. டாக்டர் தம் ஆஸ்பத்திரியின் கிழிசல் வழியே பார்ப்பது அதுவே முதல் தடவை.

வள்ளியாத்தாள் கட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டாள்.

"ஏனுங்க சார்," என்றாள், தேவைக்கு மேல் சத்தமாக. "கெழவருக்கு நடுக்கம் நின்னுருச்சு. நல்ல வேளை."

"எங்கே நல்ல வேளை?" என்றார் சென்னிமலை. செக்போஸ்ட் குரல். "இப்ப மணி என்ன? அஞ்சாகப் போவுது. ரெண்டாந்தடவை நடுக்கம் வந்தா முந்திக் குடுத்த மாதிரி ரெண்டு பங்கு குடுக்கோணுமாம். குருவம்மா எடுத்து வெச்சுட்டு நிக்குது."

"வரலீனா?"

"வரலீனா ஊத்தறதில்லை. கம்முனு அலமாரியிலயே வெச்சுர வேண்டியதுதான்."

இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். காக்கை இன்னும் அதே மட்டையில் இருந்தது.

ஜன்னல் கண்ணாடியில் கட்டில் தெரிந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு கை புறப்பட்டது. அவசரமில்லாமல் ஸ்டூலைத் தேடியது. டம்ளரைத் தொட்டது. உள்ளே போய் பல்செட்டை எடுத்தது. ஒரு உதறு. கை கம்பளிக்குள் மறைந்தது. கிளக் என்று ஒரு சத்தம்.

பிறகு தறி ஓட ஆரம்பித்தது.

கட்டில் ஆடியது. ஸ்டூல் ஆடியது. இந்தத் தடவை அவர் முனகலும் சேர்த்துக்கொண்டார். தட்டிக்குப் பின்னால் டாக்டர் மூச்சை இழுப்பது கேட்டது.

"ஐயோ பாவம்," என்றாள் வள்ளியாத்தாள். "குருவம்மா, கொண்டா சீக்கிரம்."

குருவம்மாள் பெரிய கிண்ணத்தோடு வந்தாள். கிண்ணத்தில் கெட்டியாக, மஞ்சளாக, மெதுவாக அசைந்தது.

"என்னம்மா இது?" என்றார் சென்னிமலை.

"வெளக்கெண்ணெய்ங்க. ரெண்டு அவுன்ஸ். இன்னைக்கு இருந்து நடுக்கத்துக்கு இதானுங்களாம்."

நடுக்கம் நின்றது.

குறைந்து, தேய்ந்து அல்ல. லாரி பிரேக் போட்டது போல. மூன்றாம் கட்டில் இருந்த இடத்தில் அப்படியே நின்றது. கம்பளிக்கு வெளியே ஒரு கண் மட்டும் திறந்து கிண்ணத்தைப் பார்த்தது.

"இப்பத் தேவலைங்க," என்றார் சின்னையன்.

தட்டி விலகியது. டாக்டர் அர்த்தநாரி நின்றிருந்தார். கிழவர் அவரைப் பார்த்தார். பிறகு வாயைத் திறந்து பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார்.

"என்னய்யா இது கூத்து?" டாக்டரின் குரல் கிறீச்சிட்டது.

பல் இல்லாமல் பேசியதால் கிழவரின் வார்த்தைகள் காற்றாக வந்தன. "கோவிச்சுக்காதீங்க சாமி. எங்க பக்கம் மதுவிலக்குன்னு கடையச் சாத்தி எட்டு மாசமாச்சு. இங்கத்திக்காரன் எதுக்கு நடுங்கோணும்? தெருவுக்குத் தெரு கள்ளுக்கடை இருக்குது. எங்களுக்கு ஏது? பழனிச்சாமி தை மாசத்துல நெசமாலுமே நடுங்கினான். ஒரு அவுன்ஸ் குடுத்தீங்களாம். சீமைச் சரக்குன்னு ஊருக்கே சொன்னான். கடையிலயும் குடிக்கலை, காசு குடுத்தும் குடிக்கலை. மாசாணிகிட்டச் சொன்ன வார்த்தைக்குப் பங்கமில்லை." கொஞ்சம் நிறுத்தினார். "எம் பொண்டாட்டிகிட்டச் சொல்லிராதீங்க."

"நடிப்புக்கே அந்தப் பாடு பட்டீங்களே," என்றாள் வள்ளியாத்தாள். "பல்லு எதுக்குங்க அதுக்கு?"

"அவ்வளவு செரமப்படறவன் சத்தம் இல்லாம நடுங்கினா நம்புவீங்களா?"

டாக்டர் குருவம்மாளைப் பார்த்தார். "பிராந்தியா? யார் குடுக்கச் சொன்னது? ஊசியோட வேகம் முழுசா எறங்கியிருக்காது. அதுக்கு மேல ஒரு அவுன்ஸ் போனா இந்த வயசுல தூங்கிட்டே மூச்சு விட மறந்துருவாங்க. மூணு பேரும் பொழைச்சதே பெருசு. யார் குடுக்கச் சொன்னது, சொல்லு."

குருவம்மாள் போய் அலமாரிக் கதவில் இருந்த அட்டையை ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்து டாக்டரின் கையில் கொடுத்தாள்.

அவர் வாசித்தார். முதலில் வாய்விட்டு. "நடுக்கம் வந்தால். கம்பளி இரண்டு. காலடியில் வெந்நீர்ப் பாட்டில்." மூன்றாவது வரிக்கு, "பிராந்தி ஒரு அவுன்ஸ்" என்ற இடத்துக்கு, வந்தபோது சத்தம் குறைந்தது. நான்காவது வரி கையெழுத்து. தேதி நான்கு வருஷத்துக்கு முந்தியது.

"கையெழுத்து உங்களுதுதானுங்களே?" என்றார் சென்னிமலை.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை.

"ஊசி வந்தப்ப இதைக் கழட்டச் சொல்லலீங்க," என்றாள் குருவம்மாள். "நீங்க எழுதி வெச்சதை நானா கழட்டறது?"

"ஊசி வேலை செய்யுதுங்க டாக்டர்," என்றார் சென்னிமலை. "பதினேழு பேருக்கும் வேலை செஞ்சுது. நெசமா நடுங்கினவங்க யாருமே இல்லை. அதைப் போட்ட கையும் ஒழுங்காத்தான் போட்டுருக்குது."

பெரிய கடிகாரம் ஐந்து அடித்தது. வராந்தாவில் வீட்டாட்கள் எழுந்தார்கள். மருதாத்தாளின் போசி மூடி கணகணத்தது. சின்னையன் கம்பளியைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

வார்டு வாசலில் இன்பமேரி நின்றிருந்தாள். வெள்ளை உடுப்பு இல்லை. நீலப் புடவை. காலடியில் தகரப் பெட்டி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. போலீஸ் வந்து கூட்டிப்போவதற்கு முன்னால் தானே தயாராக வந்துவிட்டாள் போலிருந்தது.

டாக்டர் அட்டையை வெள்ளைக் கோட்டின் பையில் திணித்தார். அது பாதிதான் நுழைந்தது. ஒரு தடவை தொண்டையைச் செருமினார்.

"இன்பமேரி," என்றார். "நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு ஒரு கேஸ் இருக்குது. எழுபத்திரெண்டு வயசு அம்மா. இருதயம் பலவீனம். ஊசி தயாரா வெச்சுரு."

அவள் நகரவில்லை. வள்ளியாத்தாள் முடிச்சுகளைப் பார்த்தாள். மூன்றும் இறுக்கமானவை.

இன்பமேரி குனிந்து பெட்டியை ஒரு அடி முன்னால் தள்ளினாள். அது சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டு டாக்டரின் செருப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"அவுத்துப் பாக்கச் சொன்னது நீங்க சார்," என்றாள். "திருப்பிக் கட்டுனது நானு. இனி இத யாரு அவுக்கணும்?"